செம்மண் பாதையில் சைக்கிள்: தோட்டச் சாலை யாருக்குத் திறக்கும்?

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்குச் செல்லும் பழைய சாலையில் வார இறுதியில் சைக்கிள் ஓட்டுபவருக்குக் கண் முன்னால் இருக்கும், காது பின்னால் இருக்கும். கடற்கரைக்குப் பறக்கும் கார்கள், கல் லோரிகள், செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் எல்லாம் தோளை உரசுவதுபோல் கடந்து போகும். அதே சாலையிலிருந்து ஒரு மண் பாதையில் திரும்பி, செம்பனை மரங்களுக்கு நடுவே சில நூறு மீட்டர் போனால் சத்தம் அடங்கிவிடும். செம்மண் பாதை வளைந்து மேடேறும், இறங்கும், மீண்டும் ஏறும். ஒரு மணி நேரம் ஓட்டினாலும் எதிரே ஒரு டிராக்டரோ, மோட்டார் சைக்கிளில் போகும் ஒரு தொழிலாளியோ வந்தால் உண்டு.

இப்படிப்பட்ட பாதையைத் தேடித்தான் உலகின் பல பகுதிகளில் சைக்கிள் ஓட்டுநர்கள் பணம் செலவழித்துப் பயணம் போகிறார்கள். இத்தாலியின் திராட்சைத் தோட்டக் குன்றுகளுக்கும், ஆஸ்திரியா, ஸ்லோவேனியா எல்லையில் உள்ள மலைச்சரிவுகளுக்கும் அவர்கள் செல்வது வாகனம் இல்லாத மண் பாதைகளுக்காக. நெகிரி செம்பிலானில் பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு அத்தகைய பாதை புதிதல்ல. தாத்தாவும் பாட்டியும் பால் வெட்டப் போன வழி அது. இன்று அந்த வழியில் போவதற்கு என்ன வேண்டும், எதில் கவனம் வேண்டும், அது ஏன் நம் சமூகத்துக்கு முக்கியம் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

கிராவல் சைக்கிள் என்றால் என்ன?

பந்தய சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் இடைப்பட்டது கிராவல் சைக்கிள். கைப்பிடி பந்தய சைக்கிளைப் போலக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். டயர் அகலமாக இருக்கும். பந்தய சைக்கிளின் டயர் பெரும்பாலும் 25 முதல் 30 மில்லிமீட்டர் என்றால், இதில் 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை போகும். மேடு ஏறுவதற்கு இலகுவான கியர்கள், ஈரத்திலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக், தண்ணீரும் பையும் கட்டுவதற்கு இடம் ஆகியவையும் இருக்கும். தார்ச் சாலையில் வேகமாகப் போகலாம், மண் பாதையிலும் தடுமாறாமல் போகலாம். இதுதான் அதன் பயன்.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிறு நகரில் 2006ஆம் ஆண்டு ஒரு சிலரோடு தொடங்கிய மண் சாலைப் பந்தயம் இன்று உலகப் புகழ் பெற்றுவிட்டது. அனைத்துலக சைக்கிள் சங்கம் 2022ஆம் ஆண்டு முதல் இதற்கென்றே உலக வெற்றியாளர் போட்டியை நடத்துகிறது. முதல் போட்டி இத்தாலியின் வெனெட்டோ மாநிலத்தில் நடந்தது. ஆனால் பெரும்பாலோர் பந்தயத்துக்காக இதில் இறங்குவதில்லை. காருக்குப் பயப்படாமல் ஓட்ட வேண்டும் என்பதே அவர்களின் முதல் காரணம்.

மலேசியாவில் இதே மாதிரிப் பாதைகளில் மலை சைக்கிள் ஓட்டும் வழக்கம் முன்பிருந்தே உண்டு. 'ஜம்போரி' என்ற பெயரில் ஊர்தோறும் நடக்கும் மலை சைக்கிள் கூட்டு ஓட்டங்கள் பெரும்பாலும் செம்பனை, ரப்பர்த் தோட்டங்களுக்குள்தான் நடக்கின்றன. கிராவல் சைக்கிள் வந்த பிறகு, நீண்ட தூரத்தை அமைதியாகக் கடக்க விரும்புபவர்களும் அதே பாதைகளைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள்.

தோட்டத்துக்குள் இத்தனை பாதை ஏன்?

வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் செம்பனைத் தோட்டம் ஒரே காடாகத் தெரியும். உள்ளே அது கணக்குப் போட்டுக் கட்டிய இடம். மரங்கள் ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பில் நடப்படுகின்றன. ஒரு ஹெக்டருக்கு ஏறக்குறைய 140 மரங்கள் வரும். ஒரே காட்டுக்கு அறுவடைக்காரர்கள் 10 முதல் 14 நாளுக்கு ஒரு முறை திரும்பி வர வேண்டும். ஒரு குலை பத்துக் கிலோவும் இருக்கும், இருபது கிலோவுக்கு மேலும் இருக்கும். அதை மனிதன் தள்ளுவண்டியில் வைத்து நெடுந்தூரம் தள்ள முடியாது. எனவே நிரைகளுக்கு நடுவே அறுவடை வழி, அந்த வழிகள் போய்ச் சேரும் இடத்தில் குலை குவிக்கும் திட்டு, திட்டுகளை இணைக்க லோரி போகும் சாலை என்று வலை பின்னியதுபோல் பாதைகள் போடப்படுகின்றன.

காலமும் முக்கியம். வெட்டிய குலை ஏறத்தாழ 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும். தாமதமானால் பழத்தில் அமிலம் கூடி எண்ணெயின் தரம் குறைகிறது. ஆகவே மழைக்காலத்திலும் லோரி போகக்கூடிய சாலை தோட்டத்துக்குத் தேவை. சாலையின் நடு சற்று உயர்ந்தும், இரு ஓரமும் தாழ்ந்தும், பக்கத்தில் வடிகாலும் இருப்பது இதனால்தான். செம்மண்ணும் கல்லும் கொட்டி, இறுக்கி, அவ்வப்போது இயந்திரத்தால் சமன் செய்வார்கள். மலைச்சரிவுகளில் மரங்கள் படிக்கட்டுபோல் வெட்டிய தளங்களில் நிற்கும். சாலை அந்தச் சரிவைச் சுற்றிச் சுற்றி ஏறும். கிராவல் சைக்கிள்காரர் தேடும் வளைவும் ஏற்றமும் நமக்குக் கிடைப்பது குலை ஏற்றும் லோரிக்காகப் போட்ட கணக்கிலிருந்து.

ரப்பர்க் காலத்தில் நிலைமை வேறு. பால் மரக் காட்டுக்குள் பெரும்பாலும் ஒற்றையடிப் பாதைதான். விடியுமுன் பிரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கோடு நிரைக்குப் போவார்கள். பால் எடுத்த பிறகு வாளிகளைக் காண்டாக் கம்பில் தோளில் சுமந்தோ, சைக்கிளின் இரு பக்கமும் தொங்கவிட்டோ நிறுக்கும் இடத்துக்குக் கொண்டுவருவார்கள். அப்போது சைக்கிள் பொழுதுபோக்குப் பொருள் அல்ல, உழைப்பின் கருவி. கிராணிக்கும் கங்காணிக்கும் அது மதிப்பின் அடையாளமும்கூட. ரொட்டிக்காரர், மீன்காரர், துணி வியாபாரி எல்லாரும் அதே செம்மண் பாதையில் மணியடித்துக்கொண்டுதான் லயத்துக்கு வந்தார்கள்.

டயருக்காகப் பிறந்த தோட்டங்கள்

இந்த மண்ணில் ரப்பர் வந்த கதையிலேயே சைக்கிளுக்கு ஓர் இடம் உண்டு. 1888ஆம் ஆண்டு, பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்தார். 1890களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் மோகம் பற்றிக்கொண்டது. ரப்பரின் தேவை கூடியது. பிறகு மோட்டார் கார் வந்து அந்தத் தேவையைப் பல மடங்காக்கியது.

பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டம் வழியாக வந்த ரப்பர் கன்றுகள் 1877ஆம் ஆண்டு கோலாகங்சாரில் நடப்பட்டிருந்தன. நெகிரி செம்பிலானுக்கு அண்டை மாநிலமான மலாக்காவில் டான் சாய் யான் 1896ஆம் ஆண்டு புக்கிட் லிந்தாங்கில் வணிக முறையில் ரப்பர் பயிரிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் மேற்குக் கரையோரம் முழுக்கக் காடு அழிந்து ரப்பர் எழுந்தது. அந்த மரங்களைச் சீவத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் தேவைப்பட்டார்கள். கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தார்கள். 1907ஆம் ஆண்டு தமிழர் குடியேற்ற நிதி உருவானது. 1938ஆம் ஆண்டு இந்திய அரசு உதவியோடு வரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை அந்த வரவு நிற்கவில்லை.

சுருக்கமாகச் சொன்னால், உலகம் டயரில் ஓடத் தொடங்கியதால்தான் நம் முன்னோர் இந்தக் குன்றுகளுக்கு வந்தார்கள். இன்று அகலமான டயர் பூட்டிய சைக்கிளில் யாரோ அங்கே வருகிறார் என்றால், அந்த வட்டம் எங்கே தொடங்கியது என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சைக்கிளின் இன்னொரு முகத்தையும் நெகிரி செம்பிலான் பார்த்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை மலாயாவின் தெற்கை நோக்கி விரைந்து வந்ததற்குச் சைக்கிள் ஒரு பெரிய காரணம். முதன்மைச் சாலையில் தடுத்து நின்ற படைகளை ரப்பர்த் தோட்டப் பாதைகள் வழியாகச் சுற்றி வளைத்தார்கள். டயர் வெடித்தால் வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினார்கள். 1942 ஜனவரி 14ஆம் நாள், கெமாசுக்கு அருகே கெமென்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் பதுங்கியிருந்து, சைக்கிளில் வந்த ஜப்பானிய வீரர்களில் பலரைக் கடந்துபோக விட்டுப் பிறகு பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கே இன்று நினைவுச் சின்னம் நிற்கிறது. கெமாஸ் பக்கம் சைக்கிளில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டிய இடம் அது.

எந்த வட்டாரம் எப்படி இருக்கும்?

நெகிரி செம்பிலான் சிறிய மாநிலம். ஆனால் நான்கு மாநிலங்களோடு எல்லை வைத்திருக்கிறது. வடமேற்கில் சிலாங்கூர், வடக்கிலும் கிழக்கிலும் பகாங், தென்கிழக்கில் ஜொகூர், தெற்கில் மலாக்கா. தித்திவங்சா மலைத்தொடரின் தென்முனை இந்த மாநிலத்தின் நடுவே இறங்குவதால், ஒரே நாளில் கடலோரச் சமவெளியையும் மலையடிவாரத்தையும் பார்த்துவிடலாம். நிலத்தின் தன்மை அறிந்து போவது நல்லது.

போர்ட்டிக்சன், லுக்குட், சுவா பெத்தோங் பக்கம் கடல் அருகில். பெரிய மலை இல்லை. புதிதாகத் தொடங்குபவருக்கும், பிள்ளைகளோடு செல்பவருக்கும் இப்படிப்பட்ட நிலம் ஏற்றது. ரந்தாவ், லின்சம், சிலியாவ் வட்டாரத்தில் நிலம் அலைபோல் இருக்கும். ஏற்றங்கள் குட்டையானவை, ஆனால் அடிக்கடி வரும். இருபது கிலோமீட்டர் ஓட்டினாலே கால் கேட்கத் தொடங்கும். தெற்கே லிங்கி ஆறு மலாக்காவோடு எல்லையாக ஓடுகிறது.

பகாவ், ரொம்பின், கெமாஸ் பக்கம் தோட்டங்கள் விரிந்து கிடக்கும். பெல்டா நிலத்திட்டங்களும் இங்கேதான் அதிகம். ஒரு காட்டுக்குள் நுழைந்தால் அடுத்த கடைக்கு நெடுந்தூரம் இருக்கலாம் என்பதால் தண்ணீரும் வழித்தடமும் கையில் இருக்க வேண்டும். கோலாப்பிலா, ஜெலுபு பக்கம் ஏற்றம் கடுமை. தீபகற்பத்தில் மழை குறைவாகப் பெய்யும் வட்டாரங்களில் ஜெலுபுவும் ஒன்று. அதனால் மற்ற இடங்கள் சேறாக இருக்கும்போதும் அங்கே மண் காய்ந்திருக்க வாய்ப்புண்டு.

இந்த ஊர்ப் பெயர்கள் பலவும் நம் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் இருப்பதைக் கவனிக்கலாம். லாடாங் சுவா பெத்தோங், லாடாங் லின்சம், லாடாங் ஜெராம் பாடாங், லாடாங் கெடிஸ், லாடாங் ரீஜண்ட் என்று தோட்டம் பள்ளிக்குப் பெயர் கொடுத்திருக்கிறது. லயத்து மக்கள் நகரத்துக்குப் போன பிறகும் அந்தப் பெயர் நிற்கிறது.

பொதுச் சாலை அல்ல, தனியார் நிலம்

இங்கேதான் முக்கியமான செய்தி. தோட்டச் சாலை அரசாங்கச் சாலை அல்ல. அது நிறுவனத்தின் சொத்து. கேட் திறந்திருப்பதாலோ, நுழைவாயிலில் ஜாகா இல்லாததாலோ உள்ளே போகும் உரிமை வந்துவிடாது. நெகிரி செம்பிலானில் எஸ்டி கத்ரி, கேஎல்கே, ஐஓஐ போன்ற பெரிய நிறுவனங்களும், பெல்டா குடியேற்றக்காரர்களும், சில ஏக்கர் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர்களும் நிலம் வைத்திருக்கிறார்கள். 2007ஆம் ஆண்டு சைம் டார்பி, கோல்டன் ஹோப், கத்ரி ஆகிய மூன்றும் இணைந்து உருவான தோட்ட நிறுவனம்தான் 2024ஆம் ஆண்டு எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. பழைய பெயர்ப் பலகையைப் பார்த்து இது இன்னாருடையது என்று முடிவு செய்துவிடக் கூடாது. யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதை அந்தத் தோட்டத்து அலுவலகத்தில் விசாரிப்பதே சரி.

நிர்வாகம் கேட்டை மூடுவதற்குக் காரணங்கள் உண்டு. குலைத் திருட்டு ஒரு பெரிய தொல்லை. முன்பின் தெரியாத ஆட்கள் உள்ளே திரிந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். மருந்து தெளிக்கும் நாளில், அறுவடை நடக்கும் காட்டில், வெளியாள் ஒருவருக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் எழும். 2020 ஜனவரி முதல் மலேசிய நிலையான செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் கட்டாயமாகிவிட்டது. வேலையிடப் பாதுகாப்பும் அதன் ஒரு பகுதி. எனவே மேனேஜர் தயங்குவதை வீம்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஐரோப்பாவிலும் இப்படித்தான். ஆஸ்திரியாவின் 1975ஆம் ஆண்டு வனச் சட்டப்படி காட்டில் எவரும் நடந்து போகலாம். ஆனால் காட்டுச் சாலையில் சைக்கிள் ஓட்ட உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அதனால் அங்கே ஊராட்சிகளும் சுற்றுலா அமைப்புகளும் நில உரிமையாளர்களோடு ஒப்பந்தம் செய்கின்றன. எந்தப் பாதை, எந்த மாதம், எந்த நேரம் என்று எழுதி, பலகை நட்டு, காப்புறுதியும் எடுத்து, பிறகுதான் பாதை திறக்கிறது. அந்த நாட்டின் எல்லைக் குன்றுகளில் சுற்றுலாப் பயணிகள் நிம்மதியாக ஓட்டுவதற்குப் பின்னால் இப்படிப்பட்ட காகித வேலை இருக்கிறது.

நம் ஊரிலும் கேட்டுப் பெறுவதே வழி. தனியாகப் போய் நிற்பதைவிட, ஒரு குழுவாகத் தோட்ட அலுவலகத்துக்குக் கடிதம் கொடுப்பது நல்லது. எந்த நாள், எத்தனை பேர், எந்தக் கேட்டில் நுழைந்து எந்தக் கேட்டில் வெளியேறுவது, எத்தனை மணிக்கு முடிப்பது, பொறுப்பாளர் யார், அவர் தொலைபேசி எண் என்ன என்பவற்றை எழுத வேண்டும். வரைபடம் ஒன்றை இணைத்தால் மேனேஜருக்கு முடிவெடுப்பது எளிது. அடிபட்டால் பொறுப்பு ஓட்டுநருடையது என்று ஒப்புக்கொள்வதும், குழுவுக்குக் காப்புறுதி எடுப்பதும் கூடுதல் பலம். ஞாயிறும் பொது விடுமுறையும் ஏற்ற நாள்கள். பெரும்பாலும் அன்று அறுவடை இருக்காது. பெல்டா நிலமானால் திட்ட அலுவலகத்திலும், சிறு தோட்டமானால் உரிமையாளரிடம் நேரிலும் கேட்க வேண்டும்.

கேட்காமல் நுழைபவரால் வரும் கேடு அவரோடு நிற்பதில்லை. தோட்டத்துக்குள் இன்னும் மாரியம்மன் கோயில் இருக்கிறது, முனியாண்டி சந்நிதி இருக்கிறது, மூதாதையர் உறங்கும் இடுகாடு இருக்கிறது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோனவர்கள் திருவிழாவுக்கும் திதிக்கும் அதே கேட் வழியாகத்தான் திரும்பி வருகிறார்கள். பலருக்கு அந்த வழி எழுத்தில் உள்ள உரிமையால் கிடைத்ததல்ல, பழக்கத்தாலும் நல்லெண்ணத்தாலும் நீடிப்பது. முறையில்லாமல் நுழையும் கூட்டத்தால் நிர்வாகம் கேட்டை இறுக்கமாகப் பூட்டினால், முதலில் அலைபவர்கள் பானை தூக்கிவரும் குடும்பங்கள்தான்.

உள்ளே என்ன ஆபத்து?

வாகனம் இல்லை என்பதால் ஆபத்தே இல்லை என்று ஆகிவிடாது. உலர்ந்த செம்மண்ணின் மேல் உருளும் சிறு கற்கள் இறக்கத்தில் சைக்கிளைச் சறுக்கிவிடும். நனைந்த செம்மண் சோப்பு போல வழுக்கும். முன் பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடித்தால் கவிழ்வது நிச்சயம். இரண்டு பிரேக்கையும் மெதுவாக, வளைவுக்கு முன்னாலேயே பிடித்துப் பழக வேண்டும். வளைவுகளில் மறுபக்கத்திலிருந்து டிராக்டர் வரலாம் என்று எண்ணி இடப்பக்கமே போவது நல்லது. மணி அடிப்பது வெட்கமல்ல.

உயர்ந்த மரத்தில் நீண்ட கம்பில் அரிவாள் கட்டிக் குலை வெட்டுவார்கள். மட்டையும் குலையும் எந்த நொடியிலும் விழும். அறுவடை நடக்கும் காட்டை விட்டு விலகிச் செல்ல வேண்டும். தவிர்க்க முடியாவிட்டால் தூரத்திலேயே நின்று குரல் கொடுத்து, தொழிலாளி கை காட்டிய பிறகு கடக்கலாம். சாலையோரம் கிடக்கும் உதிரிப் பழத்தை எடுக்கக் கூடாது. அது கணக்கில் உள்ள விளைச்சல், எடுத்தால் திருட்டு.

செம்பனை மட்டையின் அடியில் உள்ள முள் டயருக்குப் பெரிய எதிரி. ஒரே ஓட்டத்தில் இரண்டு மூன்று முறை காற்றிறங்குவது உண்டு. நாய், மாடு, காட்டுப்பன்றி, பாம்பு எல்லாம் இந்தப் பாதையின் பழைய குடிகள். நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவே வைத்துக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு.

பலர் மறந்துவிடும் ஓர் ஆபத்து, தேங்கிய தண்ணீர். செம்பனைத் தோட்டத்தில் எலி அதிகம். அதன் சிறுநீர் கலந்த நீரும் சேறும் புண் வழியாகவோ, கண், வாய் வழியாகவோ உடலில் சேர்ந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். சேறு தெறித்த தண்ணீர்ப் போத்தலின் வாயைத் துடைக்காமல் குடிப்பதுகூட ஆபத்து. காலில் சிராய்ப்பு இருந்தால் மூடிக் கட்டிக்கொண்டு போக வேண்டும். திரும்பியதும் சோப்பு போட்டுக் குளிக்க வேண்டும். அடுத்த சில நாள்களிலோ வாரங்களிலோ காய்ச்சலும் கடும் தசைவலியும் வந்தால், தோட்டத்தில் சைக்கிள் ஓட்டியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

மழைக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டுவது வழக்கம். காலை ஏழேகாலுக்கு வெளிச்சம் வந்ததும் புறப்பட்டுப் பத்தரைக்குள் முடித்துவிட்டால் வெயிலும் இடியும் தப்பும். வானம் கறுத்தால் மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கட்டடமோ வாகனமோதான் புகலிடம்.

என்ன சைக்கிள், என்ன கொண்டு போவது?

தொடங்குவதற்குப் புது கிராவல் சைக்கிள் தேவையில்லை. வீட்டில் இருக்கும் மலை சைக்கிள் போதும். பிரேக், செயின், டயர் மூன்றும் சரியாக இருந்தால் இருபது கிலோமீட்டர் தாராளமாக ஓட்டலாம். தார்ச் சாலைக்கு அடிப்பதுபோல் காற்றை இறுக்கி அடித்துவிட்டு மண்ணில் இறங்குவது பலர் செய்யும் தவறு. கல் மேல் டயர் துள்ளும், பிடிமானம் போய்விடும். 40 மில்லிமீட்டர் டயருக்கு ஓட்டுபவரின் எடையைப் பொறுத்து ஏறத்தாழ 30 முதல் 40 பிஎஸ்ஐ வரை போதும். இன்னும் அகலமான டயருக்கு அதைவிடக் குறைவு. அடிக்கடி செல்பவர்கள் டியூப் இல்லாத டயருக்கு மாறி உள்ளே அடைப்புத் திரவம் ஊற்றிக்கொள்வது நல்லது. சின்ன முள் துளையை அது தானே அடைத்துக்கொள்ளும்.

தலைக்கவசம் கட்டாயம். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு போத்தல் தண்ணீர், மாற்று டியூப் இரண்டு, காற்றடிக்கும் பம்ப், கண்ணில் தூசியும் பூச்சியும் விழாமல் கண்ணாடி, சிறு மருந்துப் பை ஆகியவை வேண்டும். தோட்டத்துக்குள் பல இடங்களில் கைப்பேசி அலைவரிசை கிடைக்காது. வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கம் செய்துவிட்டு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். எல்லாச் சந்திப்பும் ஒரே மாதிரி தெரியும் இடம் அது. ஓரத்தில் நட்டிருக்கும் காட்டு எண் பலகையைப் பார்த்துக்கொண்டே போனால், வழி தவறினாலும் தொலைபேசியில் இடம் சொல்ல முடியும். தனியே போவதைத் தவிர்ப்பது நல்லது.

நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன?

2017 பிப்ரவரி 18ஆம் நாள் விடியுமுன், ஜொகூர் பாருவில் நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த பதின்ம வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேர் கார் மோதி இறந்தார்கள். நாடே அதிர்ந்தது. குற்றம் யாருடையது என்று ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. பிள்ளைகள் வேகமும் காற்றும் வேண்டும் என்று தேடும்போது அவர்களுக்குப் பாதுகாப்பான இடம் எங்கே என்ற கேள்விக்கு இன்னும் பதில் தேவைப்படுகிறது. அடுக்குமாடி வீட்டிலும் தாமானிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, பாட்டன் வேலை செய்த தோட்டம் இருபது நிமிடத் தூரத்தில் இருந்தும் அதன் பாதை தெரியாது. பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, இளைஞர் மன்றமோ, கோயில் நிர்வாகமோ நிர்வாகத்திடம் முறையாகப் பேசி, ஆண்டுக்கு இரண்டு மூன்று ஞாயிறுகளில் மேற்பார்வையோடு ஓர் ஓட்டம் ஏற்பாடு செய்தால் அந்தக் கேள்விக்கு ஒரு சிறு பதிலாவது கிடைக்கும். ஓட்டம் முடியும் இடம் தோட்டத்துப் பள்ளியோ கோயிலோ ஆனால், பசியாற வைக்கும் வருமானமும் உள்ளூர்ப் பெண்கள் கையில் சேரும். பெரியவர்கள் யாரேனும் வந்து இங்கேதான் பிரட்டுக் களம் இருந்தது, இங்கேதான் ஆயக்கொட்டகை என்று காட்டினால் பாடப்புத்தகத்தில் இல்லாத வரலாறும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

இதற்குக் காலமும் நிறைய இல்லை. நீலாய், லாபு, செண்டாயான் வட்டாரங்களில் முன்பு தோட்டமாக இருந்த நிலங்களில் வீடமைப்புகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்துவிட்டன. மலேசியா விஷன் வேலி 2.0 எனும் பெருந்திட்டம் சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களை மையமாகக் கொண்டது. புதிய நகரம் வரும்போது பழைய செம்மண் பாதை வரைபடத்திலிருந்தே மறைந்துபோகிறது. இத்தாலியின் டஸ்கனி மாநிலத்திலும் ஒருகாலத்தில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் வெள்ளை மண் பாதைகள் ஒவ்வொன்றாகத் தார்ச் சாலையாகிக்கொண்டிருந்தன. அவற்றைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு 1997ஆம் ஆண்டு கையோலே என்ற சிற்றூரில் பழைய சைக்கிள்களில் ஓர் ஓட்டம் தொடங்கியது. லெரோய்க்கா என்ற அந்த ஓட்டத்துக்குப் பிறகு அப்பாதைகளின் மதிப்பு ஊராருக்கே புதிதாகத் தெரிந்தது. 2007ஆம் ஆண்டு தொழில்முறைப் பந்தயமும் அங்கே வந்தது. இன்று அந்த வெள்ளைப் பாதைகள் அந்த மாநிலத்தின் அடையாளங்களில் ஒன்று.

பாதையைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், முறையாகக் கேட்டு வருகிறார்கள், அதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது என்று தெரிந்தால்தான் திட்டம் வரைகிறவர்கள் அதைக் காகிதத்தில் விட்டுவைப்பார்கள். புதிய வீடமைப்பில் ஒரு பசுமைப் பாதையாகவோ, கோயிலுக்குப் போகும் வழியாகவோ பழைய தோட்டச் சாலையின் ஒரு துண்டை விட்டுவைக்கச் சொல்லி ஊராட்சி மன்றத்திடம் கேட்பதற்கும் அது ஆதாரமாகும். உள்ளூர் மேம்பாட்டுத் திட்ட வரைவுகள் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது எழுத்து மூலம் கருத்துச் சொல்ல எல்லாருக்கும் இடம் உண்டு. தோட்டத்தில் பிறந்தவர்களும், நகரத்துக்குப் போனவர்களும் சேர்ந்து அந்தக் கடிதத்தை எழுதலாம். அதற்கு முன், மேனேஜருக்கு அனுமதி கேட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதி, அடுத்த ஞாயிறுக்குச் சைக்கிளின் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.